ஐப்பசியில் பிரிந்த முட்டை

திருத்தணி,
8.2.2009

மரியாதைக்குரிய பாவாவுக்கு உங்கள் மைத்துனி உதயா எழுதுவது.

இங்கே அப்பாவும் அம்மாவும் நலம். சூரத்தில் குளிர் குறைந்துவிட்டதா? சந்திரா அக்கா நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. குளிக்கிறாள், துணி துவைக்கிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். அவ்வளவுதான்.

போன செவ்வாய்க்கிழமை பொதட்டூர்பேட்டையிலிருந்து அத்தை வந்தார்கள். அக்காவின் புடவைகளையெல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து வைத்தார்கள். "வயித்துல புள்ளைய வெச்சிக்கினு முன்னூத்தறுபத்தஞ்சு படிக்கும் குனிஞ்சி குனிஞ்சி மஞ்ச பூசுவாளா ஒருத்தி? மொதல்லது போச்சி, இதுவும் போச்சி. எம் புள்ளைக்கு வேற எடம் பாக்கறோம்" என்றார்கள். நீங்களும் அதற்குச் சம்மதித்துவிட்டதாகச் சொன்னார்கள். அதை அக்கா உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பாவா, ஒன்றை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். குழந்தை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்றுதான் அக்கா மலைக்கோயில் படித் திருவிழாவுக்கு வேண்டிக்கொண்டாள். டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி ஒவ்வொரு படியாகக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றினாள். நூறு படி தாண்டியதும், "இடுப்பு வலிக்குதுடி, மிச்சத்த நீ வெய்யி" என்றாள். வேண்டிக்கொண்டவர் கையால்தான் வைக்க வேண்டும் என்று நான்தான் விடவில்லை. ஒரு வாரத்தில் கரு கலைந்தது. நான் சொன்னதை அக்கா இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

கலைந்த கருவைச் சென்னையில் பரிசோதித்தார்கள். குரோமோசோம் நாற்பத்தாறு இருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்தேழு இருந்ததாம். அந்த ரிப்போர்ட்டை நீட்டினால், "இங்கிலீசு காயிதம்லாம் எனுக்கு வாணாம்" என்று அத்தை தள்ளிவிட்டார்கள். நகல் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

என் தோழி ஸ்வர்ணாவின் அக்கா சாய்லக்ஷ்மி ஹைதராபாத்தில் எலியின் கருமுட்டைகளை ஆராய்கிறார். அவருக்கு எழுதிக் கேட்டேன். நான்கு பக்கம் பதில் போட்டிருக்கிறார். முட்டை சரிபாதியாகப் பிரிவதில்லையாம். பாதி குரோமோசோம்களை ஒரு சின்னத் துணுக்கில் வைத்து வெளியே தள்ளிவிட்டு, கருவுக்கான உணவையெல்லாம் தன்னிடமே வைத்துக்கொள்கிறதாம். அதற்காகக் குரோமோசோம்கள் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர வேண்டும். முட்டையின் தோலுக்கு அடியில் நுண்ணிய இழைகளால் ஆன வலை இருக்கிறது. அது சரியான நேரத்தில், சரியான அளவுக்கு இளக வேண்டும். விறைப்பாக இருந்தாலும் தொளதொளத்தாலும் பிரிவு பிசகும் என்று நினைக்கிறார்கள். மெல்லிய கண்ணாடிக் குழாயால் முட்டையை லேசாக உறிஞ்சி, எவ்வளவு புடைக்கிறது என்று அளக்கிறாராம்! பாவு நூல் இறுகினால் இழை அறும், தளர்ந்தால் ஊடே நாடாக்கட்டை ஓடாது என்று நீங்கள் தறியில் காட்டியது நினைவுக்கு வந்தது.

அக்காவுக்கு அந்த வலைதான் காரணமா என்று யாராலும் சொல்ல முடியாதாம். பெரும்பாலும் முட்டை பிரியும்போது எண்ணிக்கை தவறுகிறது, சில சமயம் ஆண் பக்கத்திலும் தவறலாம் என்கிறார். உங்களுக்கு இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. பாதியை மறைப்பதும் சரியில்லை. எப்படியானாலும் அது கரு உண்டாவதற்கு முன்போ, உண்டாகும் வேளையிலோ நடந்து முடிந்துவிடும். நீங்கள் தீபாவளிக்கு வந்திருந்தது ஐப்பசியில். அக்கா படி ஏறியது மார்கழியில். மார்கழியில் குனிந்தது ஐப்பசியில் நடந்ததை எப்படிக் கெடுக்கும்?

இதை அக்காவிடம் மூன்று முறை சொன்னேன். "ஆங், சரி" என்கிறாள். எனக்குமே கணக்கு புரிகிறது, ஆனால் பள்ளிக்கூடம் போகிற வழியில் மலைப் பக்கம் பார்க்காமல் தலை குனிந்தே நடக்கிறேன்.

யார் மீதாவது கோபப்பட்டே ஆக வேண்டுமென்றால் என்மீது படுங்கள். நான் தாங்கிக்கொள்வேன்.

இருபத்திரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அம்மாவை நான் சந்தைக்கு அழைத்துப் போய்விடுவேன். அப்பாவுக்கு அன்று டியூட்டி. வீட்டில் அக்கா மட்டும்தான் இருப்பாள், போன் அவள் பக்கத்திலேயே இருக்கும். இந்தக் கடிதத்தைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம். குரோமோசோமும் வேண்டாம். புடவையெல்லாம் ஏன் அங்கே கிடக்கிறது, எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்குப் போ என்று மட்டும் சொல்லுங்கள் பாவா.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
உதயா