சம்பளம் வரும் மூலை

பிப்ரவரி 2, செவ்வாய்

நேற்று சாயங்காலம் பள்ளிக்கூடத்து உள்ளரங்கில் நடந்த கட்சிக் கூட்டத்தில், என் கடையில் வேலை பார்க்கும் லோரெட்டாவைச் சம்பளத்தைச் சொல்லி எங்கள் பக்கம் இழுத்தேன். அந்த ஒரு தலையால் மாவட்ட மாநாட்டுக்கு எங்களுக்கு ஒரு பிரதிநிதி கூடுதல்; அந்த இடம் எனக்கு. எங்கள் வட்டாரத்தில் ஆளுநர் ஜெயித்தார்.

முதலில் இதை இப்படியே எழுதி வைக்கிறேன். நாள் போனால் நானே வேறு மாதிரி சொல்லிக்கொள்வேன், என்னை எனக்குத் தெரியும்.

ஜனாதிபதி வேட்பாளர் யார் என்று அமெரிக்காவிலேயே முதலில் வாய் திறப்பது எங்கள் அயோவா மாநிலம்தான். பெட்டியில் சீட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற வேலை இல்லை இது. ஊர் பார்க்க நடந்து போய், பிடித்தவருக்கான மூலையில் நிற்க வேண்டும். தலை எண்ணுவார்கள். வேட்பாளராக நிற்கும் ஆளுநரின் மூலைக்கு நான் பொறுப்பு. செனட்டரின் மூலைக்குக் கிளைட், முன்பு முடிவெட்டும் கடை வைத்திருந்தவன். மூன்றாவது மூலையில் யாரோ ஒரு மேயருக்காகச் சின்னக் கூட்டம். ஆள் போதாத மூலை கலைந்துவிட வேண்டும் என்பது விதி. கலைந்தவர்கள் வேறு மூலைக்குப் போகலாம், வீட்டுக்கும் போகலாம். அந்தக் கொஞ்ச நேரம்தான் சந்தை. என் மனைவி மார்லிஸ் செய்து தந்த பட்டர்ஸ்காட்ச் இனிப்புத் தட்டைத் தூக்கிக்கொண்டு நான் இறங்கிவிட்டேன். பழைய டிராக்டர்களை வாங்கிப் பிரித்து விற்றே ஆளானவனுக்குச் சந்தை என்றால் கை சும்மா இருக்காது.

அந்தக் கூடுதல் பிரதிநிதிக்கு எங்களுக்கு இன்னும் ஒரே ஒரு ஆள் வேண்டியிருந்தது. லோரெட்டா அந்த மேயர் கூட்டத்தில் இருந்தாள். கலைந்ததும் மேல்கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு கிளைட்டின் பக்கம் நடக்க ஆரம்பித்தாள்.

"லோரெட்டா! வெள்ளிக்கிழமை சம்பளம் எந்த மூலையிலேர்ந்து வருதுன்னு ஞாபகம் இருக்கில்ல?"

எல்லாரும் சிரித்தார்கள். அவள் தரையில் போட்டிருந்த கூடைப்பந்துக் கோட்டின் மேல் நின்றுவிட்டாள்.

"யோவ் வெர்ன், இது பள்ளிக்கூடம்யா, உன் கடை இல்ல!" என்று கத்தினான் கிளைட்.

"கவலைப்படாதே, உனக்கும் ஒரு வேலை போட்டுத் தரேன்" என்றேன். அதற்கும் சிரிப்பு.

அவள் திரும்பி எங்கள் மூலைக்கு வந்தாள். என் பக்கத்தில் நிற்கவில்லை, எனக்குப் பின்னால் போய் நின்றாள். இனிப்பை நீட்டினேன். எடுத்துக்கொண்டாள், சாப்பிடவில்லை.

பிப்ரவரி 3, புதன்

லோரெட்டா நேரத்துக்கு வந்தாள். "காலை வணக்கம், மிஸ்டர் ஹால்வர்சன்" என்றாள். இத்தனை வருஷமாக நான் வெர்ன்தான்.

பிப்ரவரி 4, வியாழன்

மெரடித் தொலைபேசியில் கூப்பிட்டாள். ஆளுநரின் பிரச்சாரத்துக்காக பாஸ்டனிலிருந்து வந்து எங்கள் பக்கத்து ஊர்களையெல்லாம் கவனித்துக்கொள்பவள். நம்மைவிட இரண்டு மடங்கு வேகமாகப் பேசுவாள்.

"கடைசி ஆளை எப்படிப் பிடிச்சீங்கன்னு கேள்விப்பட்டேன். சூப்பர் வெர்ன்! அடுத்து இதே மாதிரி கூட்டம் நெவாடா மாநிலத்துல. அங்க இருக்கிற நம்ம ஆளுங்ககிட்ட ஃபோன்ல பேசறீங்களா? நேர்ல நின்னு ஜெயிச்சவங்க சொன்னாத்தான் அவங்களுக்கு உறைக்கும்."

சரி என்றேன். சந்தோஷமாகத்தான் சொன்னேன். போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன். கவுண்டருக்கு அந்தப் பக்கம் லோரெட்டா ஒரு பழைய ஸ்டார்ட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் பேசியது அவள் காதில் விழுந்திருக்காதா என்ன.

பிப்ரவரி 5, வெள்ளி

சம்பள நாள். காசோலைகளை நானே கையில் கொடுப்பதுதான் எங்கள் கடை வழக்கம். கொடுக்கும்போது ஒரு வார்த்தை, ஒரு கேலி, அதில் எனக்கு ஒரு பெருமை. இன்று லோரெட்டாவின் உறையைக் கவுண்டரில் வைத்துவிட்டுக் கிடங்குப் பக்கம் நழுவப் பார்த்தேன்.

"மிஸ்டர் ஹால்வர்சன்."

திரும்பினேன். கவுண்டரில் இரண்டு விவசாயிகள், கியர்பெட்டி கேட்டு வந்தவர்கள், நின்றிருந்தார்கள்.

"எந்த மூலையில நின்னு வாங்கிக்கணும்?"

சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. உரம் என்ன விலை என்று கேட்பதுபோல் கேட்டாள். அந்த இருவரில் ஒருவன் தொப்பியைக் கழற்றி உள்ளே எதையோ தேடினான். இன்னொருவன், "நாங்க அப்புறம் வரோம் வெர்ன்" என்றான். போய்விட்டார்கள். கியர்பெட்டி அங்கேயே கிடக்கிறது.

நான் என்ன சொன்னேன்? "சும்மா விளையாட்டுக்குச் சொன்னது, லோரெட்டா" என்றேன்.

"அப்படியா? அப்போ நானும் விளையாட்டுக்குத்தான் வந்து நின்னேனா?"

பிப்ரவரி 6, சனி

விளையாட்டுக்குச் சொன்னேனா?

வெர்ன், எழுதுடா. யார் பார்க்கப்போகிறார்கள்.

விற்றே ஆக வேண்டியவனின் கண்ணை நான் ஒரு வயல் தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பேன். வங்கி நெருக்குகிறவன், விவாகரத்து ஆனவன், அப்பன் செத்துப்போய் அண்ணன் தம்பிக்குள் பங்கு பிரிப்பவன். டிராக்டரைச் சுற்றி ஒரு தடவை நடப்பதற்குள் தெரிந்துவிடும். தெரிந்தால் விலையை இறக்கிச் சொல்வேன். நான் வளர்ந்தது அப்படித்தான், அதை மறைக்க ஒன்றுமில்லை.

லோரெட்டாவின் வீட்டுக்காரர் மெல்லுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் ரத்த சுத்திகரிப்பு. அந்தச் செலவை ஏற்பது என் கடை மூலமாக அவளுக்குக் கிடைக்கும் மருத்துவக் காப்பீடு. வேலை போனால் அதுவும் போகும். அன்று அவள் கிளைட்டின் பக்கம் நடந்தபோது இது எனக்கு ஞாபகம் வந்தது. வந்த பிறகுதான் வாயைத் திறந்தேன். இந்த வரிசை ரொம்ப முக்கியம். முதலில் ஞாபகம், பிறகு பேச்சு.

நான் அவளை வேலையை விட்டு அனுப்பியிருப்பேனா? மாட்டேன். சத்தியமாக மாட்டேன். ஆனால் அது அவளுக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்பதில்தானே நான் விலை வைத்தேன்.

பிப்ரவரி 7, ஞாயிறு

தேவாலயத்தில் ஆராதனை முடிந்து காபிக்கு நின்றோம். கிளைட் வந்தான், நாலு பேர் நடுவில் ஆரம்பித்தான்.

"வெர்ன், எனக்கு ஒரு கார்புரேட்டர் வேணும். எங்க பக்கத்து ஆளுக்கு ஒரு விலை, உங்க பக்கத்து ஆளுக்கு ஒரு விலையா?"

"உனக்குத் தனி விலை. வாயை மூடறதுக்கும் சேர்த்து."

"அடேங்கப்பா! அப்போ மேடையில பேசினியே, ஆளுநர் உழைக்கிறவங்க பக்கம் நிக்கிறவருன்னு? உழைக்கிற அம்மாவை நீ உன் பக்கம் நிக்க வெச்சுட்ட. கணக்கு சரியாப் போச்சு."

சிரித்தார்கள். அன்றைக்கு என்னோடு சேர்ந்து சிரித்த அதே ஆட்கள்தான். கிளைட்டும் ஒன்றும் உத்தமன் இல்லை. ஆளுநர் பன்றிப் பண்ணைகளுக்கு வரி போடப்போகிறார் என்று வீடு வீடாகப் போய்ப் புளுகினவன். இதைச் சொல்லிச் சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. அவன் செய்தது புளுகு. நான் செய்தது வேறு.

காரில் வரும்போது மார்லிஸிடம் கேட்டேன், "நீயும் அன்னிக்கு அங்கதானே நின்னே. உனக்கு என்ன தோணிச்சு?"

"நான் தரையைப் பாத்துட்டிருந்தேன்" என்றாள்.

பிப்ரவரி 9, செவ்வாய்

மணிக்கு ஒரு டாலர் கூட்டித் தருவதாக லோரெட்டாவிடம் சொன்னேன்.

"எதுக்கு?"

"நல்லா வேலை பாக்கறே."

"போன திங்கக்கிழமை வரைக்கும் சுமாராத்தான் பாத்தேனா?"

அவளே தொடர்ந்தாள்.

"அந்த ஓட்டுக்கு விலைன்னா முன்னாடியே சொல்லியிருக்கணும், மிஸ்டர் ஹால்வர்சன். நான் ரொம்ப மலிவா வித்துட்டேன்."

முப்பது வருஷ வியாபாரத்தில் இவ்வளவு மோசமாக நான் பேசி முடித்த பேரம் கிடையாது.

பிப்ரவரி 11, வியாழன்

மெரடித் ஏற்பாடு செய்த தொலைபேசிப் பேச்சு. நெவாடாவிலிருந்து நிறையப் பேர் ஒரே லைனில். "அயோவாவில் கடைசி ஆளைக் கொண்டுவந்து காட்டினவர்" என்று என்னை அறிமுகப்படுத்தினாள்.

இனிப்பு கொண்டுபோங்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், சண்டை போடாதீர்கள், களைத்திருப்பவருக்கு நாற்காலி போடுங்கள் என்று சுற்றி வளைத்துக்கொண்டிருந்தேன். மெரடித் விடவில்லை. "அந்தச் சம்பளக் கதையைச் சொல்லுங்க வெர்ன்!"

சொன்னேன். இரண்டு மூன்று பேர் சிரிப்பது கேட்டது. பிறகு ஒரு ஆள், ஏதோ மோட்டல் வைத்திருக்கிறாராம், குரலில் அவ்வளவு உற்சாகம். "அட, என்கிட்ட நாப்பது பேரு வேலை பாக்கறாங்க. அறை சுத்தம் பண்றவங்க, சமையல்காரங்க, எல்லாரும் நம்ம வட்டாரம்தான். இது எனக்கு எப்படித் தோணாமப் போச்சு?"

நான் குறுக்கே புகுந்தேன்.

"பண்ணாதீங்க" என்றேன்.

"என்ன சார்?"

"பண்ணாதீங்க. அது தப்பு. நான் பண்ணினது தப்பு. அந்தம்மா இப்போ என் மூஞ்சியைப் பாக்கறதில்ல."

பிறகு மெரடித், "ரொம்ப நன்றி வெர்ன்! அடுத்து நம்ம ஷெரில் பேசறாங்க" என்றாள். என் லைனைத் துண்டித்துவிட்டார்கள்.

அந்த மோட்டல்காரர் நான் கடைசியில் சொன்னதைக் காதில் வாங்கினாரா, முதலில் சொன்னதை மட்டுமா? அவர் பெயர்கூடத் தெரியாது. நாற்பது பேர்.

பிப்ரவரி 20, சனி

இன்று நெவாடாவில் கூட்டம். தொலைக்காட்சி போடவில்லை.

மார்ச் 2, புதன்

ஆளுநர் போட்டியிலிருந்து விலகிவிட்டார். மனைவி பக்கத்தில் நிற்க, இரண்டு நிமிடம் பேசினார். எல்லாருக்கும் நன்றி சொன்னார். செனட்டரை ஆதரிக்கச் சொன்னார்.

இவ்வளவுதானா.

மார்ச் 3, வியாழன்

லோரெட்டாவிடம் போய், மாவட்ட மாநாட்டில் எனக்கிருக்கும் பிரதிநிதி இடத்தை அவளுக்கே தந்துவிடுவதாகச் சொன்னேன். அவளால் வந்த இடம், அவள் போய் இஷ்டப்பட்ட பக்கம் நிற்கட்டும் என்று.

பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். இந்த ஒரு மாதத்தில் முதல் தடவை.

"உங்க ஆளு நேத்துதானே விலகினாரு? இன்னிக்கு அந்த இடம் எனக்கா? எஞ்சின் செத்து ஓடாத வண்டியைச் சும்மா எடுத்துட்டுப் போன்னு சொல்றீங்களே. இந்தக் கடையில நான் எத்தனை வருஷமா நிக்கறேன், எனக்கே அதைத் தள்ளப் பாக்கறீங்களா?"

நான் அப்படி நினைக்கவில்லை. நினைக்கவே இல்லை என்று சொல்ல முடியுமா? போன வாரமே கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லையே.

"அப்போ என்னதான் வேணும் உனக்கு?"

"நீங்க எங்க சொன்னீங்களோ அங்க இருந்தவங்க முன்னாடி, அதே சத்தத்துல, தப்புன்னு சொல்லணும். மெல் பேரை இழுக்கக் கூடாது."

"கடையிலேயே சொல்றேனே. சனிக்கிழமை நல்ல கூட்டம் இருக்கும்."

"அன்னிக்குச் சிரிச்சவங்க அத்தனை பேரும் சனிக்கிழமை பம்ப் வாங்க வருவாங்களா?"

"ஒரு கடிதம் எழுதி—"

"கடிதம் போட்டா கூப்பிட்டீங்க என்னை?"

இதில் குறைப்பதற்கு இடமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தீயணைப்பு நிலையத்தில் பான்கேக் விருந்து. ஊரே வரும்.

மார்ச் 6, ஞாயிறு

சொன்னேன்.

தீயணைப்பு வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே மேசை போட்டிருந்தார்கள். தட்டு கையில் இருக்கும்போதே எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தால் எழமாட்டேன் என்று தெரியும்.

"ஒரு நிமிஷம் எல்லாரும் கேளுங்க" என்றேன்.

"பின்னாடி கேக்கல வெர்ன்!" இது கிளைட். வேண்டுமென்றேதான்.

சத்தத்தைக் கூட்டினேன். "பள்ளிக்கூடத்துல அன்னிக்கு லோரெட்டாகிட்ட சம்பளத்தைப் பத்தி ஒண்ணு சொன்னேன். நீங்க சிரிச்சீங்க. அது வேடிக்கைக்குச் சொன்னது இல்ல. அவங்களால மறுக்க முடியாதுன்னு தெரிஞ்சேதான் சொன்னேன். அவங்க எங்க நிக்கணும்னு முடிவு பண்ற உரிமை எனக்குக் கிடையாது. அது தப்பு. லோரெட்டா, என்னை மன்னிச்சிடுங்க."

அவளிடம் நீங்க என்று வந்துவிட்டது. எங்கிருந்து வந்ததோ.

அடுப்பில் பான்கேக் கருகும் வாசனை. திருப்பிப் போடுகிறவரே திருப்பாமல் நின்றார். லோரெட்டா மெல்லின் தட்டில் பாகை ஊற்றிக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. மெல் நிமிர்ந்தார். அவருக்கு அந்தச் சம்பளப் பேச்சு இப்போதுதான் தெரிகிறது என்று அவர் முகத்தில் பார்த்தேன். அவள் வீட்டில் சொல்லவே இல்லை.

இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும். பாதிப் பேச்சில் எனக்குள் ஒரு நினைப்பு ஓடியது: இது கடைக்கு நல்ல பெயர் வாங்கித் தரும். அங்கே நின்று, அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே! அதற்கு யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

வெளியே வரும்போது கிளைட் என் தோளைத் தட்டவில்லை, கேலியும் பண்ணவில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான், அவ்வளவுதான்.

மார்ச் 7, திங்கள்

லோரெட்டா வந்ததும் கோட்டைக் கழற்றாமல் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"வேலையில இருக்கேன். ஆனா பழையபடி இல்ல. சொல்றேன், எழுதிக்கோங்க."

எழுதினேன். ஒன்றிரண்டு இடத்தில் வாய் திறக்கப் பார்த்தேன். "பேரமா?" என்றாள். மூடிக்கொண்டேன். வக்கீலிடம் கொடுத்து முறைப்படி எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவதாகப் பேச்சு.

சம்பளம் பழைய சம்பளமே, உயர்வு வேண்டாம். தேர்தல் பேச்சைக் கடைக்குள் அவள் எடுக்கலாம், நான் எடுக்கக் கூடாது. நான் அவளை வேலையை விட்டு நிறுத்துவதென்றால் ஒரு வருஷத்துக்கு முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும், அந்த வருஷம் முழுக்க மெல்லின் காப்பீட்டை நான் கட்ட வேண்டும். அவள் போவதென்றால் அன்று காலையில் சொன்னால் போதும்.