மீதி இரண்டு பேர்

மார்ச் 3, திங்கள்

காலை எட்டு மணிக்கு என் பல்கலைக்கழகம் வழக்கம்போல் கூடியது. மாணவர்கள் இருவர், பேராசிரியர் ஒருவர், ஆறிப்போன காபி ஒன்று.

மூத்தவளுக்கு எட்டு வயது. மேனேஜரம்மா என்றுதான் கூப்பிடுவேன். இந்த வீட்டில் எந்தச் சாமானும் தான் எங்கே இருக்கிறோம் என்பதை அவளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளும். இளையவனுக்கு ஆறு. வக்கீல். பல் தேய்க்கச் சொன்னால் வாய்தா கேட்பான்.

இவர்களின் அம்மா, என் தங்கை, ஆஸ்பத்திரி நர்ஸ். விடியற்காலை ஆறிலிருந்து இரண்டு வரை வேலை. நான் லிஃப்ட் மெக்கானிக். மூன்றிலிருந்து பத்து வரை. இந்த ஊரில் யார் மேலே போனாலும் என் தயவில்தான் போகவேண்டும். அண்ணனும் தங்கையும் சந்திப்பது மதியம் இரண்டு இருபதிலிருந்து இரண்டரை வரை, வாசலில் செருப்பு மாட்டும் இடத்தில். அந்தப் பத்து நிமிடத்தில்தான் இந்த சாம்ராஜ்யம் கைமாறுகிறது.

வருட நடுவில் வீடு மாறி வந்ததால் பள்ளியில் இடமில்லை. ஏப்ரலில் தருகிறார்களாம். அதற்கு 28ஆம் தேதி ஒரு தேர்வு. தேறினால் மேனேஜரம்மா நாலாம் வகுப்பு. இல்லாவிட்டால் மறுபடி மூன்று.

"திரும்பவும் மூணாவதா மாமா? குட்டிப் பசங்களோடயா?"

"மாமா இருக்கையில் அப்படி விட்டுவிடுவேனா?" என்று மார்பைத் தட்டினேன். பலமாகத் தட்டிவிட்டேன் போலும், இருமல் வந்துவிட்டது.

மார்ச் 5, புதன்

வக்கீல் இன்று எழுதவில்லை. பென்சிலுக்கு உடம்பு சரியில்லையாம். மருத்துவச் சான்றிதழ் கேட்டேன். "அம்மா நர்ஸ்தானே, மதியம் வாங்கித் தர்றேன்" என்றான்.

மார்ச் 7, வெள்ளி

வகுத்தலை எடுக்கலாமா என்று கேட்டேன். "அது அம்மாவோட பாடம் மாமா. மதியம் நடத்துறாங்க" என்றாள் மேனேஜரம்மா. நல்லதாயிற்று. எனக்கும் வகுத்தலுக்கும் சின்ன வயதிலிருந்தே பேச்சுவார்த்தை குறைவு.

மார்ச் 11, செவ்வாய்

ஒன்பதாவது மாடியில் ஒரு நாய் லிஃப்டை விட்டு இறங்க மாட்டேன் என்றது. வீட்டில் இரண்டைச் சமாளிப்பவனுக்கு இதெல்லாம் எம்மாத்திரம்!

மார்ச் 13, வியாழன்

லிஃப்டுக்கு மாட்டவேண்டிய இரும்புக்கயிறு வந்துசேரவில்லை என்று கம்பெனியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு நாலு பேரும் ஒரே மேஜையில். தங்கை சாதாரணமாகக் கேட்டாள்:

"வகுத்தல் எப்படிண்ணா போகுது?"

"அதை என்கிட்ட கேக்குற? நீதானே மதியம் நடத்துற?"

"நானா? காலையில மாமா நடத்துறாருன்னு இவ சொன்னாளே!"

மேஜையில் நால்வர் இருந்தோம். திரும்பிப் பார்த்தால் இருவர்.

"ஆறு வாரமா ஒரு கணக்குகூட போடலையாடி?" என்று தங்கை குனிந்து மேஜைக்கடியில் கேட்டாள். "எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் சின்னப் பையன்" என்று வக்கீலின் குரல் மட்டும் வந்தது.

இரண்டு அரசாங்கங்களின் கண்ணிலும் ஒரே கைப்பிடி மண்ணைத் தூவியிருக்கிறாள். எனக்கு உள்ளூரப் பெருமைதான். தங்கையின் முகத்தைப் பார்த்ததும் பெருமையை மடித்து உள்ளே வைத்தேன். தேர்வுக்குப் பதினைந்து நாள்.

மார்ச் 14, வெள்ளி

தனியாக உட்கார்த்தி ஏன் என்று கேட்டேன். பென்சிலைச் சீவினாள், சீவினாள், பாதிப் பென்சில் போய்விட்டது.

"நீங்க சிரிப்பீங்க."

"நானா?"

"லிஃப்ட் கணக்கு."

ஞாபகம் வந்தது. ஜனவரிக் கடைசியில் கேட்ட கணக்கு. லிஃப்டில் ஒரு தடவைக்கு ஆறு பேர். கீழே இருபது பேர் நிற்கிறார்கள். எத்தனை தடவை போய்வரவேண்டும்? ரொம்ப யோசித்துச் சொன்னாள்: "மூணு தடவை. மீதி ரெண்டு பேர் படியேறி வந்துடுவாங்க."

சிரித்தேன். சும்மாவா சிரித்தேன்? சுவர்க் கடிகாரம் நின்று பார்க்கும்படி சிரித்தேன். அதோடு விட்டேனா? கம்பெனியில் சொன்னேன். கப்பலில் வேலை பார்க்கும் அவள் அப்பாவிடம் ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னேன். கீழே மருந்துக்கடைக்காரரிடம் சொன்னபோது, பாவம் அந்த இரண்டு பேருக்கும் முழங்கால் வலி என்று கையிருப்பிலிருந்து கொஞ்சம் சேர்த்தேன். அன்றிலிருந்து அவர் இவளைப் பார்க்கும்போதெல்லாம் "என்ன பாப்பா, இன்னிக்கு லிஃப்டா, படியா?" என்று கேட்கிறாராம். இவள் அந்தக் கடையைத் தவிர்க்கப் பின்தெரு வழியாகச் சுற்றிப் போகிறாளாம். எனக்கு இது எதுவும் தெரியாது.

"அதுல என்ன தப்புன்னு யாருமே சொல்லல மாமா. எல்லாரும் சிரிச்சாங்க, அவ்வளவுதான்."

என்னத்தை எழுத? வேடிக்கை என்று நினைத்தேனே — யாருக்கு வேடிக்கை?

மார்ச் 15, சனி

இனி சிரிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். ஏற்கவில்லை.

"வாய் சிரிக்காது மாமா. உங்க மூஞ்சி சிரிக்கும்."

கண்ணாடியில் போய்ச் சோதித்தேன். குற்றச்சாட்டு உண்மை. வாயை இறுக்கி மூடினாலும் மீசையின் இடது முனை தன்னிச்சையாகச் செயல்படுகிறது.

முடிவில் அவளே வழி சொன்னாள். அவள் படுக்கையறைக்குள், கதவு சாத்தியிருக்கும். நான் வெளியே தரையில். கணக்குத்தாள் கதவுக்கடியில் போகும், வரும். நான் சிரிக்கிறேனா என்று பார்க்க வக்கீல் என் பக்கத்தில். மதியம் அவள் அம்மாவோடு இன்னொரு சுற்று. யார் எதை நடத்தினோம் என்று இனி நானும் தங்கையும் நோட்டில் கையெழுத்துப் போடவேண்டும். எங்கள் வார்த்தைக்கு இந்த வீட்டில் அவ்வளவுதான் மதிப்பு.

மருந்துக்கடைக்காரரிடம் போய், இனி அவளிடம் அப்படிக் கேட்கவேண்டாம் என்றேன். "நீங்கதானே சார் சொன்னீங்க?" என்றார். ஆமாம், நான்தான்.

மார்ச் 17, திங்கள்

முதல் தாள் வெளியே வந்தது. ஐந்தில் நாலு தப்பு. வக்கீல் என் மூக்குக்கு நேரே முகத்தை நீட்டி உட்கார்ந்திருந்தான். "அக்கா, மாமா மூச்சு மட்டும்தான் விடுறாரு" என்று அறிவித்தான்.

பெட்டி பெட்டியாக லிஃப்ட் வரைந்தேன். பெட்டிக்கு ஆறு குச்சி மனிதர்கள். வெளியே மீதி இரண்டு பேர். கீழே எழுதினேன்: 'இவர்களும் லிஃப்டில்தான் வரவேண்டும் என்றால்?' உள்ளே தள்ளினேன்.

ரொம்ப நேரம் கழித்துத் தாள் திரும்பி வந்தது. 'அப்ப நாலு தடவை.' அதற்குக் கீழே பொடி எழுத்தில்: 'ஆனா அவங்க படி ஏறினா தப்பா?'

எழுதினேன்: 'தப்பே இல்லை. எல்லாரும் லிஃப்டில்தான் வரவேண்டும் என்று கேள்வியில் சொல்லாதது மாமாவின் தப்பு.'

தாளை உள்ளே தள்ளினேன். அப்புறம், "அடுத்த கணக்கு" என்று குரல் வந்தது.

மார்ச் 20, வியாழன்

பத்தில் ஏழு சரி. தரையில் உட்கார்ந்து என் முட்டிதான் ஃபெயில்.

மார்ச் 24, திங்கள்

இன்று ஒரு கணக்குக்குச் சிவப்பில் தப்புக் குறி போட்டு உள்ளே அனுப்பினேன். அறுபத்து மூன்றை ஏழால் வகுத்து அவள் ஒன்பது என்று எழுதியிருந்தாள். நான் அடித்துவிட்டு, கம்பீரமாக எட்டு என்று திருத்தினேன்.

கதவு படாரென்று திறந்தது. வீடே அதிர்ந்தது, பக்கத்துத் தெருவில் இரண்டு ஜன்னல் கழன்றிருந்தால்கூட ஆச்சரியமில்லை.

"மாமா! ஏழெட்டு எவ்வளவு?"

"அது... அம்பத்தாறு."

"ஏழொம்பது?"

விரல் விட்டு எண்ணினேன். எண்ண எண்ண எனக்கே விளங்கிவிட்டது. அவள் சிரித்தாள் பாருங்கள்! தரையில் உருண்டாள். தம்பியைக் கூப்பிட்டு மறுபடி முதலிலிருந்து சொல்லிச் சிரித்தாள். இரண்டு இருபதுக்கு, அம்மா செருப்பைக் கழற்றும் முன்பே அவளிடமும் சொன்னாள். இரண்டரைக்கு நான் கீழே இறங்கினால் மருந்துக்கடைக்காரர் கேட்கிறார்: "என்ன சார், ஏழொம்பது எவ்வளவு?"

பின்தெரு வழியாகப் போயிருக்கலாமோ என்று ஒரு கணம் தோன்றியது. பஸ் ஏறும்வரை காது சூடாகவே இருந்தது.

ஆனால் கடைக்காரரிடம் யார் போய்ச் சொன்னது? அவளேதான். மருந்துக்கடைக்குள் தானே நுழைந்து.

மார்ச் 25, செவ்வாய்

கதவைச் சாத்தவில்லை. எதிரே வந்து உட்கார்ந்தாள்.

மார்ச் 28, வெள்ளி

தங்கை லீவு போட்டாள். நானும் கூடப் போனேன். பள்ளி வராந்தாவில் நான் நடந்த நடையில் அந்தத் தரை ஓரங்குலம் தேய்ந்திருக்கும். தேர்வு முடிந்து மேனேஜரம்மா வெளியே வந்தாள். பசிக்கிறது என்றாள்.

மார்ச் 31, திங்கள்

நாலாம் வகுப்பு!

மதியம் செருப்பு மாட்டும் இடத்தில்தான் தங்கை சொன்னாள். விடைத்தாளையும் கொடுத்திருந்தார்கள். வகுத்தலில் ஒன்றுகூடத் தப்பில்லை. மொத்தத்தில் ஒரே ஒரு தப்பு. என்னவென்று நான் கேட்கவில்லை. கேட்காமலிருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மேனேஜரம்மாவே ஆரம்பித்தாள். "ஒரு தர்பூசணி எவ்வளவு எடை இருக்கும்னு கேட்டிருந்தாங்க. நாலு கிராம், நாலு கிலோ, நானூறு கிலோ. நான் அவசரத்துல நானூறுல டிக் போட்டுட்டேன். அந்தப் பழத்தைத் தூக்க கிரேன் வந்துச்சாம் மாமா. கிரேன் சாய்ஞ்சு போச்சாம். பழம் உருண்டு போய் பஸ்ஸை நசுக்கிடுச்சாம். பஸ்ல இருந்தவங்க எல்லாரும் ஒரு வாரம் அதையே தின்னுட்டு இருந்தாங்களாம்."

தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் மீசையைக் கையால் பொத்திக்கொண்டு நின்றேன்.

"சிரிங்க மாமா. நான்தானே சொல்றேன்."

சிரித்தேன். மணி இரண்டே முக்கால் ஆகிவிட்டது. படியிறங்கப் போனவன் திரும்பி வந்து கேட்டேன்: "இதை கம்பெனியில சொல்லலாமா?"

கொஞ்சம் யோசித்தாள்.

"சொல்லுங்க. கிரேனை மட்டும் விட்டுடாதீங்க."