பறக்கத் தெரிந்தவன் ஏன் பிந்தினான்?

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் நெஞ்சுவலியைப் பற்றிப் போனில் கேட்டால் "ஒண்டுமில்லை" என்கிறீர்கள்; அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று அறைத்தோழன் துஷாந்தோடு ஒரு சூப்பர் ஹீரோ படம் பார்த்துக் கொதித்துப்போய் வந்தேன். ஒரு நொடியில் கடல் தாண்டுகிறவன், தாய் செத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வருகிறான்! அதற்கு வயலின் வேறு. நான் எடுத்திருந்தால், முதலில் அவனைக் கட்டிலருகே கதிரையில் இருத்தித் தாய்க்குக் கஞ்சி பருக்க வைத்திருப்பேன். வில்லன் வெளியே நிற்கட்டும்! தியேட்டரிலேயே கத்திவிட்டேன்.

"படம்தானே அண்ணை, ஏன் அழுறியள்?" என்றான் துஷாந்த். நான் அழவில்லை, அம்மா.

மிளகாய்த்தூள் முடிந்துவிட்டது, அவசரமில்லை, ஆறுதலாக அனுப்புங்கள். டொக்டர் சொன்ன உங்கள் நெஞ்சு ஒப்பரேஷனின் திகதியை மட்டும் உடனே சொல்லுங்கள். எனக்குப் பறக்கத் தெரியாது. லீவு கேட்டு, டிக்கெட் எடுத்துத்தான் வர வேண்டும்.

வேலைக்குப் போகிற ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

மகன் நிரோஜன்,
ஹோம்புஷ், சிட்னி