பனிக்கடல் மேல் பறந்த விமானங்கள்

என் கண்ணு செல்வா,

அக்கா எழுதறேன். முதலியார்பேட்டை வீட்டு மொட்டை மாடியிலதான் உக்காந்திருக்கேன். தண்ணி டேங்க் மேல நீ கட்டின ஆன்டெனா அப்படியே நிக்குது. ஏழு சென்டிமீட்டர்கூட இல்லாத செம்புக் கம்பி, அதை அளந்து வெட்ட நீ பண்ணின அலப்பறை இருக்கே, அப்பப்பா! காக்கா உக்காரக் கூடாதுன்னு பக்கத்துல பழைய சிடி ஒண்ணைத் தொங்க விட்டிருக்கேன். சிக்னல் கெடும்னு திட்டாதே.

நீ போய் ரெண்டு வருஷம் ஆச்சு. சேதராப்பட்டு கம்பெனியிலேர்ந்து வந்ததும் தினமும் உன் லேப்டாப்பைத் திறக்கறேன். டிவி பார்க்கறதுக்குன்னு விக்கிற அந்த விரல் நீள டாங்கிள், வானத்துல போற விமானமெல்லாம் அனுப்புற சிக்னலைப் பிடிச்சுக் கொடுக்குது. நீ எழுதின புரோகிராம் அதைப் பிரிச்சு பேர், உயரம், வேகம்னு வரி வரியா காட்டுது. எல்லாம் சரி. இடம் மட்டும் தப்பா இருந்துச்சு.

அந்த ஞாயித்துக்கிழமை ஞாபகம் இருக்கா? "என்னக்கா, மேப்புல பாண்டி மேல ஒரு பிளேனும் வரலியே"ன்னு உதட்டைப் பிதுக்கினே. நான்தான் மேப்பைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தேன். எல்லாம் வட துருவத்துக்கிட்ட, பனிக்கடல் மேல சுத்திக்கிட்டு இருக்கு! விமானம் தன் இடத்தை முழுசாச் சொல்லாது, பாதிதான் சொல்லும், கேக்கறவன் எங்க நிக்கறான்னு தெரிஞ்சாதான் மீதியைக் கணக்குப் போடலாம்னு அன்னிக்குத்தான் எனக்குப் புரிய வச்சே. நம்ம வீடு எங்க இருக்குன்னு சொல்ற வரியில அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இடம் மாத்திப் போட்டிருந்தே, அறிவாளி. வயிறு வலிக்கச் சிரிச்சோம். "இருக்கட்டும்க்கா, பாண்டி வெயிலுக்கு இதமாதான் இருக்குது. நாளைக்கு மாத்தறேன்"ன்னே. மறுநாள் காலையில நீ எழுந்திருக்கவே இல்ல.

அந்த வரியை நான் தொடல. மனசு வரல. திவசத்துக்கு உனக்குப் புடிச்சதெல்லாம் வச்சுப் படைக்கிறோம்தான், ஆனா எனக்கு நீ அந்தப் பனிக்கடல்லதான் இருக்கே. கொழும்பு போறது, சிங்கப்பூர் போறது எல்லாம் சத்தமே இல்லாம அந்த வெள்ளைப் பரப்பு மேல ஊர்ந்து போகும். உன் மக நிலா அதுக்கு 'அப்பா ஊரு'ன்னு பேர் வச்சிருக்கா. "அத்தை, அப்பா ஊர்ல இன்னிக்கு எத்தனை?"ன்னு கேட்டுக்கிட்டே காபியோட மாடிக்கு வருவா. நீ அங்க குல்லா மாட்டிக்கிட்டு அண்ணாந்து பார்த்து எண்ணிக்கிட்டு இருக்கிற மாதிரியே சில நாள் தோணும். பைத்தியம் புடிச்சிருக்கு உங்க அக்காவுக்கு, சிரி.

இப்ப சேதிக்கு வரேன். நிலா பாரீசுக்குப் போயிட்டா. அவ அம்மா வழி சொல்தா குடும்பமாச்சே, பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவங்க, பொறந்தப்பவே பிரெஞ்சு நேஷனாலிட்டி. மாமா வீட்டுல தங்கிப் படிக்கப் போறா. பெட்டி கட்டும்போது என்கிட்ட வந்து நின்னா.

"அத்தை, நான் போற பிளேனை நீ பார்க்கணும். ஆனா அப்பா ஊர்ல வேணாம். நிஜமா எங்க இருக்கேனோ, அங்க பாரு."

"அதை மாத்தினா உங்கப்பா எழுதினது போயிடும்டி."

"அப்பாவே மாத்தறேன்னுதானே சொன்னாரு?"

உன் மகளாச்சே! ரெண்டு நாள் அவகிட்ட முகம் கொடுத்துப் பேசல. ஏர்போர்ட்டுக்குக் கார் ஏறினப்பகூட "பார்க்கலாம், பார்க்கலாம்"னுதான் சொன்னேன். பாவி நான்.

காலையில பத்து மணி இருக்கும். அவ விமானத்தோட பேர் திரையில வந்துச்சு. மேப்பைப் பார்த்தா, பனிக்கடல் மேல ஒத்தைப் புள்ளியா என் குழந்தை. உன் ஊருதான் செல்வா, ஆனாலும் எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கல. அவ அங்க இருக்கக் கூடாது. இன்னும் ரொம்ப ரொம்ப வருஷத்துக்கு அவ அந்தப் பக்கமே வரக் கூடாது.

உன் வரியை அழிக்கல. அந்த வரியோட தொடக்கத்துல, நீ சொல்லிக் கொடுத்த மாதிரி, ஒரு குறி போட்டேன். அந்தக் குறி இருந்தா கம்ப்யூட்டர் அந்த வரியைக் கண்டுக்காமத் தாண்டிப் போயிடும், மனுஷங்க மட்டும் படிக்கலாம். கீழே புது வரியில அட்சரேகை, தீர்க்கரேகை ரெண்டையும் சரியா அடிச்சேன். மூணு தடவை தப்பா அடிச்சு, நாலாவது தடவை ஓடுச்சு. நிலா வேலூர் மேல இருந்தா!

மேற்கே போய்க்கிட்டே இருந்தா. பெங்களூருக்கு இந்தப் பக்கமே நம்ம ஆன்டெனாவுக்கு எட்டாமப் போயிட்டா. அதுவரைக்கும் நான் இமைக்கல. அழுதேன், பொய் சொல்லல.

இப்ப பனிக்கடல் காலியாக் கிடக்கு. உன்னைத் தனியா விட்டுட்டேனா கண்ணு? கோபமா?

ஒண்ணு சொல்றேன், கேளு. வருஷா வருஷம் உன் பொறந்தநாள் அன்னிக்கு அந்தக் குறியை உன் வரியிலேர்ந்து எடுத்து என் வரிக்குப் போட்டுடறேன். அன்னிக்கு இந்தப் பக்கம் போற எல்லா விமானமும் உன் தலைக்கு மேல பறக்கும், வேணுங்கற மட்டும் எண்ணிக்கோ. ஆனா நிலா பறக்கற அன்னிக்கு மட்டும் எடுக்க மாட்டேன். உன் பொறந்தநாளா இருந்தாலும் சரி.

உன் தப்பையும் உன் மகளையும் பத்திரமா வச்சிருக்கிற,
அக்கா