சிவக்கொழுந்துவுக்கு வைத்த கருவாடு

ஜெசிக்கா பிள்ளை,

அம்மா கடைசியாய்ச் செய்த வேலை, முற்றத்தில் காய்ந்த கட்டாக் கருவாட்டைப் புரட்டிப் போட்டதுதான். "இது அடம்பன் ஊர்ச் சிவக்கொழுந்துவுக்கு. ஒருத்தரும் தொடக்கூடாது" என்று என்னைப் பார்த்துச் சொன்னா. பிறகு நெஞ்சு நோகுது என்று போய்ப் படுத்தவ, எழும்பவில்லை.

அதனால்தான் நேற்று நீ அதைப் பொரிக்க எடுக்க, உன்னில் கத்திப்போட்டன். உனக்கு இந்தக் கதை தெரியாது என்று நான் யோசிக்கவில்லை. பிழை என்னில்தான்.

இப்ப சந்தைக்குப் போறன். சனிக்கிழமைகளில் சிவக்கொழுந்து சந்தைக் கட்டடத்துக்குள்ளே கடைசித் தூணடியில் தன்ர தோட்டத்து மரக்கறியோடு இருப்பா. அம்மா கருவாடு கொடுக்க, அவ கத்தரிக்காயும் பயிற்றங்காயும் பையில் நிறைத்து விடுவா. பதினொரு வருசமாய் இருவரும் தராசு பிடித்ததில்லை. "உங்கட மீனை நிறுத்தால் என்ர கத்தரிக்காய் வெட்கப்படும், அக்கா" என்று சிரிப்பாவாம்.

முப்பத்தோராம் நாள் பூசையும் முடிந்துவிட்டது. அம்மா இல்லை என்று அவவுக்கு இன்னும் தெரியாது. எப்படித் தொடங்குவதென்று எனக்கும் தெரியவில்லை. முதலில் கருவாட்டைக் கையில் கொடுப்பன்.

சோறு மூடியிருக்கு. வெளியே போனால் வீட்டைப் பூட்டித் திறப்பை மாமி வீட்டில் கொடு.

அப்பா

பிறகு நினைத்தது: உனக்கென்று இரண்டு துண்டு சட்டியில் வைத்திருக்கிறன். அம்மா கோவிக்கமாட்டா. தண்ணியில் ஊறவைத்துப் பொரி. ஒரு நுனி நாக்கில் வைத்துப் பார்த்தன். எப்பவும்போல அம்மா உப்பைக் கூடத்தான் போட்டிருக்கிறா.