தம்பி சொன்ன தூசணம்

ஜூன் 9, செவ்வாய்

மழை. கடல் இரைச்சல் அறைக்குள் வரை. முதலில் ஒரு மன்னிப்பு: இதையெல்லாம் எழுதிவைக்க நான் பெரிய ஆள் இல்லை. யாரிடம் கேட்கிறேன் என்றும் தெரியாது. வாயால் சொல்ல வராததால் எழுதுகிறேன்.

வாங்க: பாண், பருப்பு, சவர்க்காரம், அம்மாவின் பிரஷர் குளிசை.

கீழ்வீட்டு ரஞ்சிதம் அக்கா மறுபடி வந்தார். வங்கியில் வேலை. மாதம் ஒரு சனிக்கிழமை கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தில் ஆட்களைக் கூட்டி, தங்களுக்கு நடந்ததை மேடையில் கதையாகச் சொல்லவைப்பார். இந்த மாதம் நான்.

"குடும்பத்தில முதல் பட்டதாரி. வாய் திறக்காட்டி படிச்சு என்ன?"

மாட்டேன் என்று சொல்லத் தெரியாததால் ஓம் என்றேன்.

என்னிடம் இருப்பது ஒரே கதை. போன வருடம் தம்பியைக் கொண்டுபோன காலை.

ஜூன் 10, புதன்

அக்கா வீட்டில் சொல்லிக் காட்டினேன். விடியற்காலை ஒழுங்கை முழுக்க இராணுவச் சுற்றிவளைப்பு. அடையாள அட்டை பார்த்தார்கள். தம்பியை வரச் சொன்னார்கள். படியில் அவனுடைய செருப்பு வார் அறுந்தது. குனிந்து பார்த்து, செருப்பைத் திட்டினான். ஒரு தூசணம். பிறகு வெறுங்காலோடு ஜீப்பில் ஏறினான். அதற்குப் பிறகு அவன் குரலை நாங்கள் கேட்கவில்லை.

அக்கா கண்ணைத் துடைத்தார். நான் அவருடைய மின்விசிறியில் இருந்த தூசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லா இருக்கு. ஆமி எண்டு சொல்லாதையும், வந்தவை எண்டு சொல்லும். மற்றது, அந்தத் தூசணம் வேண்டாம். குடும்பமா வாற இடம்."

"அப்ப என்ன சொல்ல?"

"செல்வம் மாதிரிச் செய்யும்."

செல்வம் ஹட்டன் பக்கத்து ஆள், துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிறார். அங்கே அதிகம் கைதட்டு வாங்குபவர். அவருக்கும் இதே தடை. அதனால் கெட்ட வார்த்தை வரும் இடமெல்லாம் கரண்டியால் கண்ணாடிக் கிளாஸில் ஒரு அடி. டிங். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

தம்பிக்கும் ஒரு டிங்.

ஜூன் 11, வியாழன்

வெயில். பருப்பு வாங்க மறந்துபோனது.

கதையில் என்ன வரும் என்று அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. அம்மாவின் கதை வேறு. வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் சொல்வார்: "போகேக்க திரும்பிப் பாத்து, 'அம்மா, போட்டு வாறன்' எண்டவன்."

எங்கள் வீட்டில் யாரும் 'போறன்' என்று சொல்லி வெளிக்கிடக் கூடாது. சந்திக் கடைக்கென்றாலும் 'போட்டு வாறன்'. மறந்து போனால் அம்மா படியிறங்கி வந்து கூப்பிட்டுச் சொல்லவைப்பார். அன்றைக்குத் தம்பி சொல்லவில்லை. அம்மாதான் பிறகு அதை அவன் வாயில் வைத்தார். வாறன் என்றவன் வருவான்.

நானும் பக்கத்தில் நின்றவள். எனக்குத் தெரியும் என்று அம்மாவுக்கும் தெரியும். நாங்கள் அதைப்பற்றிக் கதைப்பதில்லை.

மேடையில் நடந்ததைச் சொன்னால் அம்மாவின் அந்த 'வாறன்' போய்விடும். சொல்லாவிட்டால் அவன் உண்மையில் சொன்னது போய்விடும். அழுகை வருமா என்று பார்த்தேன். தலையிடிதான் வந்தது.

பின்னேரம் அம்மா மீன்காரரின் குரலில்: "நோனா, இந்த மாலு இப்பதான் கடல்லேந்து வந்தது. இன்னும் ஐடென்டிட்டி கார்ட்கூட எடுக்க இல்ல."

யாருடைய குரலையும் அம்மா அப்படியே எடுப்பார். வீட்டுச் சொந்தக்காரர், வானொலி அறிவிப்பாளர், ரஞ்சிதம் அக்கா. தம்பியின் குரலை எடுத்து முந்தி அவனுக்குக் கோபமூட்டுவார். இப்போது அதை மட்டும் எடுப்பதில்லை.

ஜூன் 13, சனி

அம்மாவும் வந்தார். வர வேண்டாம் என்று சொல்லவும் எனக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் நாங்கள் தமிழ் கதைப்பதில்லை. காலி வீதி முழுக்க மௌனம். சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். பையைப் பார்த்தவன் கரண்டியைத் தூக்கி, "மேக்க மொகட்டத?" என்றான், இது எதற்கென்று.

"தே பொன்ன." தேநீர் குடிக்க.

மண்டபத்தில் செல்வம்: "பயப்படாதீங்க தங்கச்சி. நல்லா ஓங்கி அடிங்க. மெதுவா அடிச்சா சின்ன கெட்ட வார்த்தன்னு நெனச்சிருவாங்க."

அவருடைய கதையில் டிங், டிங், டிங். சனம் சிரித்தது. அம்மாவும்.

பிறகு நான். குரல் வேறு யாருடையதோ போல் இருந்தது. படி வரை வந்துவிட்டேன். வார் அறுந்தது. கரண்டி கையில், கிளாஸ் முன்னால். அடிக்க முடியவில்லை. அம்மா மூன்றாம் வரிசையில், மடியில் கைப்பை.

"தம்பி திரும்பிப் பாத்து, அம்மா போட்டு வாறன் எண்டு…"

"இல்லைப் பிள்ளை," என்றார் அம்மா, இருந்தபடியே. கொஞ்ச நேரம் கைப்பையைப் பார்த்தார். பிறகு:

"தூமைச் செருப்பு, அறுறதுக்கு உனக்கு வேற நாள் கிடைக்கேல்லையோ?"

அவன் குரல். அந்த மூக்கடைப்பு, கடைசியில் மேலே போகிற இழுவை. நான் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. செல்வம் எழுந்து நின்று கைதட்டினார். அம்மா கைப்பையைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். நான் 'அவ்வளவுதான்' என்று சொல்லி இறங்கிவிட்டேன்.

ரஞ்சிதம் அக்கா வாசலில்: "எனக்கு ஒளிச்சு அம்மாவோட ஒத்திகை பாத்திருக்கிறீர், என்ன? தூசணத்தைப் பற்றிப் பிறகு கதைப்பம். ஆனா நல்லா எடுபட்டது."



ஜூன் 14, ஞாயிறு

உடுப்புத் தோய்த்தேன். காயவில்லை.

பாமன்கடையிலிருந்து சின்னம்மா வந்தார். வழக்கம்போலத் தம்பியின் பேச்சு. "போகேக்க உன்னட்டைச் சொல்லிப்போட்டெண்டாலும் போனவனே," என்று பெருமூச்சு.

அம்மா வழக்கமானதைச் சொல்லவில்லை. "செருப்பு அறுந்துபோச்சு," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போட எழுந்தார். சின்னம்மா என்னைப் பார்த்தார். நான் பிஸ்கட் எடுத்துவைத்தேன்.

ஜூன் 16, செவ்வாய்

மறுபடி மழை. கரண்டி மற்றக் கரண்டிகளோடு. மீன்காரர் வரவில்லை. அம்மா இரண்டு நாளாக யாருடைய குரலையும் எடுக்கவில்லை.

கேட்க வேண்டும் என்று சனிக்கிழமை பஸ்ஸிலேயே நினைத்தது. ஞாயிறு கேட்கவில்லை. நேற்றும் இல்லை. இன்று சம்பலுக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது, நிமிராமல் கேட்டேன்.

"அம்மா, அதை இன்னொருக்கா சொல்லுங்கோ. அவன்ர குரலில."