கணக்குப் பார்க்காத மனிதர்

அம்மணி,

இன்று காலை பாத்திரம் துலக்கும் தொட்டியில் அடைப்பு. அதை எடுக்க வந்தவர் அடியில் கையை விட்டுத் துழாவியபோது அந்தத் தண்ணீர் பாட்டில் உருண்டு வெளியே வந்தது. பிளாஸ்டிக் பழுப்பேறிக் கிடக்கிறது. நான் எனாமல் பெயிண்டால் இழுத்த சிவப்புக் கோடு மட்டும் அப்படியே இருக்கிறது. "இத வீசிப்போடலாமுங்களா?" என்றார். வேண்டாம் என்று வாங்கிக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். எதற்கு இந்தக் கோடு என்று அவர் கேட்டுவிடுவாரோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் கேட்கவில்லை. இந்த வயதிலும் எனக்கு அந்தப் பயம் போகவில்லை, பார்.

உனக்கு முதலில் தெரிந்தது கோவை ஜங்ஷனில். கல்யாணமாகிச் சில வாரங்கள்தான் இருக்கும். ஈரோட்டில் உன் அக்கா வீட்டு வளைகாப்புக்குக் கிளம்பினோம். டிக்கெட்டில் 17.10 என்று போட்டிருந்தது. நான் ஏழு மணி பத்து என்று எடுத்துக்கொண்டேன். பட்டுப்புடவையும் பலகாரத் தூக்குமாக உன்னைக் கூட்டிக்கொண்டு போய் நின்றால், வண்டி போய் வெகுநேரம் ஆகியிருந்தது. நீ கோபப்படுவாய் என்று காத்திருந்தேன். நீ பெஞ்சில் உட்கார்ந்து, என் முகத்தையே பார்த்தாய். பிறகு தலைக்கு மேல் இருந்த முள் கடிகாரத்தைக் காட்டி, "ஏனுங்க, இப்ப மணி என்னங்க?" என்று மெதுவாகக் கேட்டாய்.

நான் அண்ணாந்து பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். சின்ன முள் எது, பெரிய முள் எது என்பது தெரியும். அதற்குமேல் அது எனக்கு ஒரு படம்தான்.

"சின்ன வயசுல இருந்தே இப்படியுங்களா?"

தலையாட்டினேன். பள்ளியில் வாய்ப்பாடு வராமல் வெயிலில் நின்றது, கிணத்துக்கடவுத் தோப்பில் தேங்காய் எண்ணச் சொன்ன அப்பா, நான் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண்ணிக்கை சொன்னதும் ஆட்கள் முன்னால் "இவனுக்கு எதுக்குத் தோப்பு?" என்று சிரித்தது, எல்லாம் அன்றைக்கு உன்னிடம் சொன்னேன். ஓவிய ஆசிரியர் வேலைக்கு ஏன் போனேன் என்பதையும் சொன்னேன். அங்கே யாரும் கூட்டச் சொல்ல மாட்டார்கள் அல்லவா?

நீ தூக்கைத் திறந்து ஒரு கச்சாயத்தை என் கையில் வைத்தாய். "செரி உடுங்க. நம்பரெல்லாம் இனி எம்பட வேல. எனக்கு ஆளு மூஞ்சி நெனப்பு நிக்காது. அது உங்க வேல" என்றாய்.

அப்படித்தான் நம் குடித்தனம் நடந்தது. விசேஷ வீடுகளில் எதிரே வருபவர் யாரென்று நான் உன் காதில் சொல்வேன். மருந்துச்சீட்டு, பஸ் நேரம், கேஸ் புக் பண்ணிய நாள் எல்லாம் நீ. யாராவது என்னிடம் ஏதாவது கூட்டிக் கழிக்கச் சொன்னால், "அவருக்கு இதெல்லாம் புடிக்காதுங்க" என்று நடுவில் புகுந்துவிடுவாய். ஊர் என்னைப் பெருந்தன்மைக்காரன் என்று நினைத்தது. "கணக்குப் பாக்காத மனுசனுங்க அவரு" என்று சம்பந்தி வீட்டில் ஒருவர் புகழ்ந்தபோது, நீ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையல்கட்டுக்குள் ஓடினாய். நானும் சிரித்தேன். ஆனால் அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு உன் இதயம் தளர்ந்தது. கால் வீங்கி, மூச்சு வாங்கி, உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்கு மேல் எதுவும் உள்ளே போகக் கூடாது, காபியும் ரசமும் அதில் சேர்த்தி என்றார் டாக்டர். "சரிங்க டாக்டர்" என்றேன். எத்தனையோ பேரிடம் அப்படிச் சரி சொல்லியிருக்கிறேன்.

அன்று மத்தியானம் நர்ஸ் வந்து, "காலைல இருந்து எத்தன மில்லி குடிச்சாங்க சார்?" என்று கேட்டார். நான் கொடுத்த டம்ளர்கள் எல்லாம் ஞாபகம் இருந்தன. அவை ஒன்றோடொன்று சேரவில்லை. பழக்கதோஷம், உன்னைத் திரும்பிப் பார்த்தேன். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நீ ஊசி குத்தியிருந்த கையைத் தூக்கி, நான்கு விரல்களைக் காட்டினாய்.

"நானூறுங்க" என்றேன்.

நர்ஸ் என்னைப் பார்த்தார். உன் விரல்களைப் பார்த்தார். "அவங்கள ஏன் சார் சிரமப்படுத்தறீங்க?" என்று சொல்லிவிட்டு நடந்தார். மூச்சுக்குத் திணறுகிறவள், எழுந்து நடமாடுகிற எனக்காகக் கணக்குப் போட்டுக்கொண்டு கிடக்கிறாள். அம்மணி, அன்றைக்குக் கூசியதுபோல் நான் என்றைக்கும் கூசியதில்லை.

வராந்தாவில் அவர் பின்னாலேயே ஓடினேன். "சிஸ்டர், எனக்குக் கணக்கு வராதுங்க."

"படிக்கலீங்களா?"

"படிச்சிருக்கேனுங்க. ட்ராயிங் மாஸ்டருங்க. நம்பரு மட்டும் தலையில நிக்காதுங்க."

அவர் சிரிக்கவில்லை. ஒரு பெரிய பாட்டிலைக் கொண்டுவந்து, ஒரு லிட்டர் அளந்து ஊற்றி, தண்ணீர் நின்ற இடத்தில் நகத்தால் கீறினார். "காலைல இதுவரைக்கும் ரொப்பி வெச்சுக்குங்க. தண்ணி கேட்டா இதுலருந்து குடுங்க. காபி குடுத்தா, அதே அளவு தண்ணிய இதுலருந்து எடுத்துக் கீழ ஊத்திப்போடுங்க. பாட்டில் காலியாச்சுன்னா அன்னிக்கு அவ்வளவுதானுங்க. கணக்கே வேண்டாம்."

மாஸ்க்கை எடுத்த பிறகு உன்னிடம் சொன்னேன். "சொல்லிப்போட்டீங்களா?" என்று கேட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். இத்தனை வருஷம் நீ பொத்திப் பொத்தி வைத்ததை ஒரு நிமிஷத்தில் கொட்டிவிட்டேன் என்ற வருத்தம் உனக்கு. திரும்பாமலே கேட்டாய்.

"மானம் போச்சுங்களா?"

"போச்சு."

"போனாப் போகுது. தண்ணி குடுங்க."

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கீறலின் மேல் சிவப்பு பூசினேன். உனக்காக நானே செய்த ஒரே கணக்கு அந்தக் கோடுதான். அடுத்த கோடை வரைக்கும் அது உன்னைக் கொண்டுவந்து சேர்த்தது.

நீ போன அன்று நடந்ததை இதுவரை உன்னிடம்கூடச் சொல்ல முடியவில்லை. உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தோம். அஞ்சலி போஸ்டருக்காக உன் அண்ணன் மகன் போனைக் காதில் வைத்தபடி கேட்டான். "மாமா, அத்தைக்கு வயசு எத்தனைங்க போடறது?" நீ பிறந்த வருஷம் தெரியும். நடக்கிற வருஷமும் தெரியும். இரண்டும் எனக்கு முன்னால் தனித்தனியாக நின்றன. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன்.

"உடப்பா, மனுசன் ஒடஞ்சுபோய் இருக்கறாரு" என்றார் யாரோ. யாரோ தோளைத் தடவினார்கள். அந்தத் துண்டுக்குள் நான் அழவில்லை, அம்மணி. விரல் மடக்கிக்கொண்டிருந்தேன்.

நம் மகள்தான் வயதைச் சொன்னாள். காரியமெல்லாம் முடிந்த பிறகு அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். "தெரியுமுங்கப்பா" என்றாள். "நான் பள்ளிக்கூடம் போறப்பவே, 'அப்பாகிட்ட மணி கேக்காத கண்ணு'ன்னு அம்மா சொல்லியிருக்காங்க." இதற்கு டிஸ்கால்குலியா என்று ஒரு பெயர் இருக்கிறதாம், பிறவியிலேயே வருவதாம், முட்டாள்தனம் இல்லையாம். பெயர் தெரிந்ததில் ஓர் ஆறுதல்தான். ஆனாலும் மருந்துக்கடையில் "எனக்குக் கணக்கு வராதுங்க, வேளைக்கு எதுன்னு தனித்தனியாக் கட்டிக் குடுங்க" என்று சொல்லும்போது காது சுடத்தான் செய்கிறது. சுட்டாலும் சொல்கிறேன்.

அன்று மகள் சொன்ன உன் வயதை, பள்ளிப் பிள்ளை செய்யுள் ஒப்பிப்பதுபோல நடந்து நடந்து மனப்பாடம் செய்தேன். ஐம்பத்து நான்கு. எதிலிருந்து எதைக் கழித்தால் அது வரும் என்று இப்போதும் எனக்குத் தெரியாது. ஆனால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தப்பாமல் சொல்லிவிடுவேன்.

யாரும் கேட்பதில்லை.